கழட்டி மிஸி

முதல் நாளே அவள் என் தலையணைகளில் மூன்றைப் பறித்துவிட்டாள்.

வீட்டுக்குள் வந்து ஆறுதலாக நிற்கக்கூட இல்லை. இவர், என் புருஷன், படுத்திருந்த கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். தலைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று, சுவர் இடிக்காமலிருக்கப் பக்கத்தில் ஒன்று என்று நான்கு தலையணைகளை அண்டை கொடுத்து வைத்திருந்தேன். இலவம்பஞ்சை வெயிலில் காயப்போட்டு, என் கையால் உறை தைத்துப் போட்டவை. அவற்றை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்து என் கையில் திணித்தாள்.

"உது வேண்டாம். உதுவும் வேண்டாம். உது என்னத்துக்குப் பிள்ளை? இவர் என்ன கண்ணாடிச் சாமானோ?"

இவர் சிரித்தார். அடிபட்டுப் படுக்கையில் விழுந்த பிறகு இவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். என் நாலு தலையணைக்கு வராத சிரிப்பு அவளுடைய ஒரு சொல்லுக்கு வந்துவிட்டது. எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் அது முழுக்க ஆறவில்லை.

எழுதும்போது ஒரு பெண்ணை 'அவர்' என்றும் எழுதலாம், 'அவள்' என்றும் எழுதலாம். எங்கள் பேச்சில் 'அவ' என்று ஒன்று இருக்கிறது. மரியாதையும் கெடாது, நெஞ்சும் எரியாது. நானும் அவளை முகத்துக்கு நேரே 'மிஸி' என்றும், மறைவில் 'அவ' என்றும்தான் சொல்லிவந்தேன். இதை வாசித்துப் பார்த்த என் மகள், "அம்மா, உங்களிலும் பாக்க வயசுக்கு மூத்தவ. 'அவர்' எண்டு எழுதுங்கோ" என்கிறாள். மகள் அந்தக் காலத்தில் பிறக்கவே இல்லை. அவளுக்கு என்ன தெரியும்? எழுதுகிறது நான். மிஸி எனக்கு 'அவள்'தான்.

மிஸி என்று ஊரில் ஆஸ்பத்திரித் தாதிமாரைச் சொல்வார்கள். அவள் தாதியும் இல்லை. கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில், கால் கை இயங்காதவர்களுக்கு வாரும் கம்பியும் வைத்து நடக்கப் பழக்குகிற பகுதியில் வேலை பார்த்தவள். வலிகாமத்துத் தோட்டக்காரக் குடும்பம், சைவக்காரர். எண்பத்துமூன்றில் கொழும்பில் தமிழரை அடித்துக் கலைத்தபோது எல்லோரோடும் கப்பலில் வடக்கே வந்து இறங்கினாள். மற்றவர்கள் விட்டுவிட்டு வந்த அலுமாரியையும் தையல் மெஷினையும் சொல்லிச் சொல்லி அழ, இவள் மட்டும் "நல்லதாப் போச்சு, இனி ஒண்டும் தூசு தட்டத் தேவையில்லை" என்றாளாம். அதைக் கேட்ட ஒருத்தி கோபத்தில் அவளோடு பல மாதம் கதைக்கவில்லை என்று சொல்வார்கள்.

சொந்த ஊருக்குப் போகாமல் குருநகரில் எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தனியே இருந்தாள். 'கழட்டி' என்ற பட்டம் அங்கே வந்தது. எந்தச் சாமானைக் கண்டாலும் அதில் எதைக் கழற்றலாம் என்றுதான் அவள் கண் போகும். ஆண்கள் ஓட்டுகிற பெரிய சைக்கிள் ஒன்று வைத்திருந்தாள். அதில் மணி இல்லை, மட்காட் இல்லை, செயின் கவர் இல்லை, கரியர் இல்லை. மழை நாளில் பின்சில்லு வாரியடித்த சேறு அவளுடைய முதுகில் கழுத்துவரை கோடு போட்டிருக்கும். அதைப் பற்றி அவளுக்கு ஒரு வெட்கமும் கிடையாது.

ஒழுங்கையில் போகிறவர்களையும் விடமாட்டாள். "தம்பி, இறங்கும். உந்த மட்காட் உமக்கு என்ன செய்யுது?" என்று கேட்பாள். மழைக்கு என்று அவன் சொன்னால், "வருசத்திலை எத்தினை நாள் மழை? அந்த நாளையிலை நடந்து போம்" என்பாள். சிலர் திட்டிவிட்டுப் போவார்கள். சிலர் என்ன மாயமோ இறங்கி நின்று கழற்றக் கொடுப்பார்கள். கொஞ்ச நாள் கழித்து அந்த மட்காட் ஒரு பிள்ளையின் கணுக்காலில் நடந்து வரும். போலியோ வந்த பிள்ளை, பாரிசவாதம் வந்த வாத்தியார், பனை மரத்தால் விழுந்த கள்ளுச் சீவல்காரர் என்று யாராரோ ஊருடைய சைக்கிள்களை உடம்பில் பூட்டிக்கொண்டு நடமாடினார்கள். எங்கள் ஒழுங்கைக்காரருக்கு எந்தக் காலில் யாருடைய மட்காட் என்று நிறத்தை வைத்தே சொல்லத் தெரியும்.

காலில் பூட்டுகிற அந்தச் சட்டத்துக்கு ஊர் 'கூடு' என்று பெயர் வைத்தது. காலின் இரண்டு பக்கமும் கரியர் கம்பி. தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் தகரம். முழங்காலுக்கு நேரே பெடல் அச்சு, உள்ளே போள்ஸ் குண்டுகள் போட்டு மெத்தென்று மடியும். முன்னால் மேலிருந்து கீழே சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கட்டிய ரப்பர்கள். கால் மடியும்போது ரப்பர் இழுபடும். நிமிர வேண்டிய நேரத்தில் அது சுருங்கிக் காலை நிமிர்த்திவிடும். செத்த தசையின் வேலையை ரப்பர் செய்யும் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

அவளுடைய சுவரில் ஒரேயொரு படம் இருந்தது. வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றிலிருந்து கிழித்தது. ஒரு மனிதன் உடம்புக்கு வெளியே இரும்பால் இன்னொரு எலும்புக்கூட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். தோளிலும் இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டர். கையில் நாலு பேர் தூக்குகிற பாரம். இவர் அதை முதல் தரம் கண்டபோது சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்.

"இப்பிடி ஒண்டு எங்களுக்குச் செய்யேலாதோ அக்கா?"

"செய்யலாம். உதிலை மோட்டரைக் கழட்டும். பற்றறியைக் கழட்டும். உந்த வயரெல்லாத்தையும் கழட்டும். மிச்சம் என்ன நிக்குது?"

"மனுசன்தான் நிக்கிறான்."

"அவன் காணும். வேறொண்டும் தேவையில்லை."

மின்சாரம் இல்லை, பற்றறியை இராணுவத்தார் உள்ளே வர விடுகிறார்கள் இல்லை என்று ஊரே ஒப்பாரி வைத்த காலத்தில் அவள் ஒருத்திதான் இல்லாததை வசதி என்று நினைத்தவள். பெரிய வித்துவக் கொழுப்பு அவளுக்கு. தான் செய்வது சரியென்பதில் அவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்து நான் காணவில்லை.

சந்தையில் மீன்பெட்டி தூக்குகிறவர்களுக்கென்று ஒரு முதுகுக்கூடு செய்துகொண்டு வந்த நாள் நானும் மீன் வாங்கப் போயிருந்தேன். தோளிலிருந்து முதுகு வழியே தொடைவரை ரப்பர். குனிந்து நிமிர்வதற்கு அது உதவும், இடுப்பு நோகாது என்றாள். நல்ல கொழுத்த ஆள் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கக் குனிந்தார். கை பெட்டியில் படுவதற்கு முன்னமே ரப்பர் அவரை விறுக்கென்று நிமிர்த்திவிட்டது. மறுபடியும் குனிந்தார், மறுபடியும் நிமிர்ந்தார். கும்பிடு போடுகிறார் என்று சந்தை முழுக்கச் சிரித்தது. நான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தேன். அவள் முகம் மாறவேயில்லை. பக்கத்தில் போய், "ரப்பர் கூடிப்போச்சு" என்று இரண்டை வெட்டி எறிந்தாள். மூன்றாம் தரம் அவர் பெட்டியைப் பஞ்சுபோலத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. என்னுடையதும்தான்.

இவருக்கு அடிபட்டது கடலில் இல்லை, கரையில். வள்ளத்தைக் கரையேற்றும்போது அடியில் உருளப்போட்ட பனங்குற்றி வழுக்கி, வள்ளம் சரிந்து இடத்தொடையில் ஏறிவிட்டது. எலும்பு பொருந்தியது, நரம்பு பொருந்தவில்லை. எழுந்து நின்றால் முழங்கால் கேட்டுக்கேள்வியில்லாமல் மடிந்துவிடும். கொஞ்சங்கொஞ்சமாக வரும், பொறுத்திருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

அதற்கு முன் எனக்கு இவர் கிடைத்தது கொஞ்சம்தான். கடலுக்குப் போகாத நாளிலும் கடற்கரையில்தான் இருப்பார். கிழிந்த வலை பொத்துவார், சீட்டு விளையாடுவார், வெறுமனே காற்றுப் பார்ப்பார். வீடு என்பது சாப்பிடவும் படுக்கவும் வருகிற இடம். அடிபட்ட பிறகு கிணற்றடிக்குப் போவதென்றாலும், குசினிக்கு வருவதென்றாலும், கோயிலுக்குப் போவதென்றாலும் என் வலத்தோளில் கையைப் போட்டுக்கொண்டுதான். அவருடைய பாரம் முழுக்க அந்தத் தோளில் இறங்கும். என் சட்டைகள் எல்லாம் அந்த இடத்தில் மட்டும் நைந்துபோயின. சொல்ல எனக்கு வெட்கமில்லை: அது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு முழு மனுசன் எனக்கே எனக்கென்று கிடைத்திருந்தார். இதைப் பிழை என்று சொல்கிறவர்கள் புருஷனைக் கடலோடு பங்குபோட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

ஆனால் இவருக்கு ஒரு அவசரம் இருந்தது. எங்கள் வேதக் கோயில் பெருநாளில் சொரூபத்தை அலங்காரக் கூட்டில் ஏற்றி தோளில் வைத்து ஊரைச் சுற்றிக் காவுவார்கள். நாலு தடிக்கும் நாலு குடும்பம். முன்பக்கத்து வலத்தடி இவர்களுடையது; தகப்பனும் தகப்பனுக்குத் தகப்பனும் காவிய இடம். ஒருவர் தொடர்ந்து இரண்டு பெருநாள் காவாமல் விட்டால் அந்த இடம் அடுத்த சகோதரனுக்குப் போய்விடும், பிறகு திரும்பாது. ஒரு பெருநாள் இவர் கட்டிலில் கிடந்தபடி வெடிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போய்விட்டது. அன்றைக்கு முழுக்க இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். அடுத்ததும் போனால் இடம் தம்பிக்கு.

அந்தத் தம்பிதான் மிஸியைக் கூட்டிக்கொண்டு வந்தது. நல்ல பெடியன். "எனக்கு அந்த இடம் வேண்டாம் அண்ணி. அண்ணை இருக்கேக்கை நான் அதுக்குள்ளை போய் நிண்டால் சனம் காறித் துப்பும்" என்றான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

மிஸி காலை மேலும் கீழும் மடக்கிப் பார்த்தாள். தொடையை அமத்தினாள். நான் அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழகி என்று சொல்ல ஒன்றுமில்லை. வத்தல் உடம்பு, நகத்துக்குள் கிறீஸ், காதில் தோடுகூட இல்லை. அதையும் கழற்றிவிட்டாளோ என்னவோ. அழகியாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திராது. அழகிகளோடு மல்லுக்கட்டுவது எப்படியென்று பெண்களுக்குத் தெரியும்.

"பெருநாளுக்கு முதல் இவர் தடி பிடிப்பார்" என்றாள். "கூட்டிலை ரப்பர் கணக்கக் கட்டித் தருவன். கால் பலங்கட்டக் கட்ட ஒவ்வொண்டாக் கழட்டுவன். கடைசியிலை கூட்டையும் கழட்டிப்போட்டு ஆளை விடுவன்."

பிறகு வெளியே வந்தவள் முற்றத்தில் என் சைக்கிளைக் கண்டாள். கல்யாணத்துக்கு இவர் வாங்கித் தந்த லேடீஸ் சைக்கிள். பச்சை நிறம். செயின் கவரில் நீளத்துக்கு ஒரு தங்கக் கோடு. அவள் அதைச் சுற்றி நடந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

"உந்தத் தகரம் தொடைக்கு அந்தமாதிரி இருக்கும்."

"தரமாட்டன்" என்றேன்.

"எனக்கு வேண்டாம் பிள்ளை. உம்மடை மனுசனுக்குத்தான்."

இவர் வாசற்படியில் தம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்தார். நானே போய் நட்டுக் கழற்றுகிற சாவியை எடுத்துவந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தச் சைக்கிளில் ஏறினால் செயின் என் சேலையைக் கடித்துத் துப்பியது. இவருடைய தொடையில் என் செயின் கவர் தங்கக் கோட்டோடு இருந்தது. என்னுடைய சாமான்தானே இவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று முதலில் மனதைத் தேற்றிக்கொண்டேன். கிட்டப் போய்ப் பார்த்தால் தகரம் முழுக்க அவள் சுத்தியலால் தட்டித்தட்டி வளைத்த பள்ளங்கள்.

கூட்டைப் பூட்டி முதன்முதலாக நிறுத்திய நாளில் வழக்கம்போல நான் போய் இவருக்கு இடப்பக்கம் நின்றேன். இவருடைய கை வழக்கம்போல என் தோளுக்கு வந்தது. அவள் நிலத்தில் குந்தியிருந்து முழங்காலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"பிள்ளை, உம்மடை தோளைக் கழட்டும்."

எனக்கு அது விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. தோளைக் கழற்றுவது என்றால்? இவர் விளங்கிக்கொண்டார். கையை எடுத்துவிட்டார். நின்றார். ஒரு அடி வைத்தார். ரப்பர் கிறீச்சென்றது, கால் நிமிர்ந்தது. இன்னொரு அடி. அவளை நோக்கி நடந்தார். நான் பின்னால் நின்று கைதட்டினேன். தட்டாமல் இருந்தால் என்ன பெண் என்று நினைப்பார்கள்.

அதற்குப் பிறகு இவர் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் அவளிடம் போய்வந்தார். முதலில் நானும் கூடப் போனேன். அவள் வீட்டில் எதுவும் ஒவ்வொன்றுதான். ஒரு கதிரை, ஒரு கோப்பை, ஒரு தட்டு. சேலை கொடியில் ஒன்று, உடம்பில் ஒன்று. தண்ணீர் கேட்டால் அந்த ஒரே கோப்பையைக் கழுவித் தருவாள். நான் குடித்து முடியும்வரை இவர் காத்திருக்க வேண்டும். பயிற்சிக்கு வந்தவர்கள் நிலத்தில் இருப்பார்கள். "நீர் சும்மா வந்து என்னத்துக்கு நிக்கிறீர், வீட்டிலை வேலை இல்லையோ?" என்று ஒரு நாள் கேட்டாள். என்னையும் கழற்றியாயிற்று. பிறகு இவர் தனியாகவே நடந்து போகத் தொடங்கினார்.

திரும்பி வந்தால் ஒரே அக்கா புராணம். அக்கா இப்படிச் சொன்னா, அக்கா அப்படிச் சிரிச்சா. அவள் சிரிப்பாள் என்பதே எனக்குப் புதினம். 'அக்கா' என்று ஒரு சொல்லைப் போட்டு மூடிவிட்டால் அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று யாரும் கேட்கக்கூடாது என்பது ஊர் வழக்கம். நானும் கேட்கவில்லை. ஒரு நாள் பின்னேரம் தேத்தண்ணீர் கொடுத்தேன். சீனி கண்ணால் காணக் கிடைக்காத காலம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் எல்லோரும் குடிப்பது. இவருக்கு எப்போதும் பெரிய துண்டு வைப்பேன். இவர் அந்தத் துண்டை எடுத்து மேசையில் தள்ளி வைத்தார்.

"உது வேண்டாம்."

அவருடைய வாயில் அவளுடைய சொல். வெறுந் தேத்தண்ணீரை ரசித்து ரசித்துக் குடித்தார். ஒரு பெண்ணுடைய தலைமயிரைப் புருஷனின் சட்டையில் கண்டுபிடித்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் கண்டுபிடித்தது ஒரு துண்டுப் பனங்கட்டியில்.

பெருநாள் கிட்டிவந்தது. கொடியேற்றத்துக்கு வெள்ளையடிக்கத் தொடங்கிவிட்டார்கள். கூடு இன்னும் இவருடைய காலில்தான் இருந்தது. கேட்டால், "இன்னும் பலங்கட்டேல்லை. ரப்பர் காணாதாம், வரச் சொன்னவ" என்றார். தம்பி வந்து வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். காவுகிறவர்களின் பெயரைக் கோயிலில் கேட்கிறார்கள், என்ன சொல்ல என்றான். "பாப்பம்" என்றார் இவர். போன பெருநாளுக்குச் சுவரைப் பார்த்துக் கிடந்த மனுசன் இப்போது 'பாப்பம்' என்கிறார்.

அடுத்த நாள் காலை இவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். கூடு கட்டிலில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். முன்னால் தடித்த கறுப்பு ரப்பர் ஒன்று புதிதாக இருந்தது. மேலேயும் கீழேயும் முடிச்சு. மிஸியின் முடிச்சு எனக்குத் தெரியும். தட்டையாக மடித்து, நுனியை ஒட்ட வெட்டிவிடுவாள். இது அதில்லை. இது வலை முடிச்சு. ஒருவர் வலை பொத்தினால் யார் பொத்தியதென்று முடிச்சைப் பார்த்துச் சொல்லலாம், கையெழுத்துப் போல. இவர் நுனியைக் கொஞ்சம் நீட்டித்தான் விடுவார். எங்கள் வீட்டு வலைகள் எல்லாவற்றிலும் அந்த நீட்டிய நுனி உண்டு. திரும்பிப் பார்த்தேன். ஆணியில் தொங்கிய என் சைக்கிளின் பழைய ரியூப்பில் ஒரு துண்டைக் காணவில்லை.

அவள் கழற்றக் கழற்ற இவர் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். கழற்றுவதற்கு ஏதாவது இருந்தால்தானே போகலாம். தகப்பன் தோள் கொடுத்த இடம் போனாலும் பரவாயில்லை, அந்த ஒரு கோப்பை வீட்டுக்குப் போவது நின்றுவிடக் கூடாது. இவ்வளவும் எனக்கு அந்த முடிச்சில் எழுதியிருந்தது.

இவர் தலை துவட்டி முடிவதற்குள் நான் மிஸியின் படலையைத் திறந்துவிட்டேன்.

அவள் முற்றத்தில் ஒரு கரியரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

"மிஸி, இவர் தானே ரப்பரைக் கட்டிக்கொண்டு இஞ்சை வாறார். உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எப்பிடி?"

"முடிச்சு உங்கடை ஆக்களின்ரை முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். என்னாலை அவிழ்க்கேலாது, வெட்டித்தான் எடுக்கிறனான்."

"அப்ப ஏன் அவரிட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னால் வெக்கப்படுவார். வெக்கப்பட்ட கால் நடக்காது." சாவியைக் கீழே வைத்தாள். "அவர் ஒண்டு கட்டினால் நான் ரெண்டு கழட்டினன். என்ரை ரப்பர் ஒண்டும் இப்ப அதிலை இல்லை. அவற்றை ஒண்டுதான் தொங்குது. அதையும் நான் இழுத்து நீட்டித் தொய்யவிட்டுத்தான் அனுப்பிறனான், அது ஒண்டையும் இழுக்காது. அவர் தன்ரை காலிலைதான் நடக்கிறார் பிள்ளை. கொஞ்ச நாளாவே."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கேள்விதான்.

"நடக்கிறார் எண்டு தெரிஞ்சும், பிறகேன் வரச் சொன்னனீங்கள்?"

எதற்கும் சுடச்சுட மறுமொழி வைத்திருக்கிறவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்கமாட்டாமல் கதவு வழியே உள்ளே பார்த்தேன். சுவரில் அந்த இரும்பு மனிதன். அவனுக்குக் கீழே பலகையில் அவளுடைய கோப்பை. பக்கத்தில் இன்னொரு கோப்பை.

நீலக்கரை போட்ட பீங்கான் கோப்பை, புதிது. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. நான் நின்ற நிலையில் நின்றேன். மட்காட்டைக் கழற்றியவள், மணியைக் கழற்றியவள், தோட்டைக் கழற்றியவள், ஒரு கப்பல் நிறையச் சனம் அழுதபோது அழாதவள், தன் வீட்டில் ஒரு சாமானைக் கூட்டியிருந்தாள். இவர் காத்திருக்காமல் அவளோடு சேர்ந்து குடிப்பதற்கு. அவர்களுக்குள் அதற்கு மேலே எதுவும் நடந்திருக்காது என்று எனக்குத் தெரியும், அன்றும் தெரியும். அதற்கு மேலே ஏதாவது நடந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன், ஊரைக் கூட்டியிருப்பேன். ஒரு கோப்பைக்கு என்னத்தைச் சொல்லிச் சண்டை பிடிக்கிறது?

நான் எதைப் பார்க்கிறேன் என்று அவள் கண்டுவிட்டாள். எழும்பி உள்ளே போனாள். கோப்பையை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். கொஞ்சம் அதிக நேரம் துடைத்தாள் என்று நான் சொல்வேன். கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

"உது எனக்கு வேண்டாம். கொண்டு போம்."

"மிஸி..."

"இனி வரத் தேவையில்லை எண்டு சொல்லும். கூட்டை நீரே கழட்டும், வார்தான், கஷ்டமில்லை. தம்பியாரிட்டைக் குடுத்துவிடும், எனக்கு வேறை காலுக்கு வேணும்."

திரும்பிக் கரியர் முன்னால் குந்திவிட்டாள். நான் வரும்போது அவள் கையிலிருந்த சாவி நட்டில் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டேயிருந்தது.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் போட்டு அந்தக் கோப்பையில் கொடுத்தேன். கூட்டைப் பூட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தவர் அதை வாங்கினார். கரையைப் பார்த்தார். விரலால் ஒரு தரம் சுற்றித் தடவினார்.

"மிஸி தந்தவ" என்றேன். "இனி வரத் தேவையில்லையாம்."

இவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பனங்கட்டி வைக்கவோ?"

"வை" என்றார்.

இவர் கடித்துக் குடித்து முடிக்க, நான் நிலத்தில் குந்தி வார்களை அவிழ்த்தேன். தொடையில், கெண்டையில், இடுப்பில். என் செயின் கவர் கழன்று என் மடியில் விழுந்தது. இவர் எழுந்து நின்றார். நான் பழக்கத்தில் இடப்பக்கம் போய் நின்றேன். இவருடைய கை வரவில்லை. கிணற்றடிவரை நடந்துபோய்க் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். முழங்கால் மடியவில்லை. அவளிடமிருந்து புருஷனை மீட்டுவிட்டேன், என் தோளிலிருந்து அவர் போய்விட்டார். இரண்டும் ஒரே பொழுதில் நடந்தது. அன்றைக்கு மத்தியானம் நான் சமைக்கவில்லை.

பெருநாளன்று இவர் முன்வலத் தடியில் தோள் கொடுத்தார். தம்பி பக்கத்திலேயே நடந்து வந்தான், விழுந்தால் பிடிக்க. பிடிக்க வேண்டி வரவில்லை. எங்கள் ஒழுங்கை முடக்கில் சொரூபக் கூடு திரும்பியபோது கூட்டத்துக்கு வெளியே அந்த மொட்டைச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். எல்லோரும் சொரூபத்தைப் பார்த்தார்கள். அவள் இவருடைய முழங்காலைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இவர் யாரையும் பார்க்கவில்லை. பார்க்காமல் போனதில் ஒரு முயற்சி இருந்தது, அதுவும் எனக்குத் தெரிந்தது. கூடு கடந்து போனதும் அவள் சைக்கிளில் ஏறி எதிர்ப்பக்கமாக மிதித்துப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கனநாள் அவள் எங்கள் பக்கம் இருக்கவில்லை. நெல்லியடிப் பக்கம் போய்விட்டாள், அங்கேயும் சைக்கிள்களை மறித்துக்கொண்டு நிற்கிறாள் என்றார்கள். ஒரு நாள் சந்தையில் முன்பின் தெரியாத ஒரு பெட்டையின் காலில் என் செயின் கவரைக் கண்டேன். தங்கக் கோடு பாதி தேய்ந்துவிட்டிருந்தது. நன்றாகத்தான் நடந்தாள்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கி எல்லோரும் ஊரைவிட்டு ஒரேயடியாக வெளிக்கிட வேண்டி வந்தபோது, தூக்கக்கூடியதை மட்டும் எடு என்றார் இவர். நான் வீட்டு நடுவில் நின்று சாமான்களைப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். மேசை விரிப்பு. உது வேண்டாம். பித்தளை விளக்கு. உது வேண்டாம். தலையணைகள். உது வேண்டாம், உதுவும் வேண்டாம். எந்த நேரத்தில் அவளுடைய சொல் என் வாய்க்குள் வந்து குடியேறியதென்று தெரியவில்லை. அலுமாரியை, தையல் மெஷினை, பச்சைச் சைக்கிளை விட்டேன். நீலக்கரைக் கோப்பையைப் பழைய சட்டையில் சுற்றிப் பையின் நடுவில் வைத்தேன்.

இவர் அதைக் கண்டார். எடுத்து யன்னலில் வைத்தார்.

"உது வேண்டாம். வழியிலை உடைஞ்சு போகும்."

"இருக்கட்டும்" என்று நான் திரும்ப எடுத்து வைத்தேன்.

"உனக்கு என்னத்துக்கு அது?"

நான் மறுமொழி சொல்லவில்லை. அவளிடம் கற்றுக்கொண்டது அது.

ஊர் எல்லைப் பாலத்தை நோக்கிப் போகிற சனத்துக்குள் கால் வைக்க இடமில்லை. நிற்பதும் நகர்வதுமாகப் போனோம். இவர் மகளை ஒரு தோளில் வைத்திருந்தார். இடையில், நெரிசலில், மற்றக் கை என் வலத்தோளுக்கு வந்தது. நான் பாரத்துக்கு ஆயத்தமாகிக் காலை ஊன்றினேன். பாரம் வரவில்லை. சும்மா வைத்திருந்தார். பாலம் கடந்த பிறகும் எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அந்தச் சனத்துக்குள் யார் அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ, இருக்கிறாளோ இல்லையோ தெரியாது. இவர் விசாரித்ததில்லை. எனக்குத் தெரியாமல் விசாரித்திருக்கலாம். கோப்பை என் அலுமாரியில் இருக்கிறது. அதில் நான் யாருக்கும் தேத்தண்ணீர் கொடுப்பதில்லை. இவருக்கும்தான். ஒரு தரம் மகள் கேட்டாள், ஏனம்மா இதை வைத்திருக்கிறீர்கள், எறிந்துவிடுங்களேன் என்று.

எறியமாட்டேன். இது என்னிடம் இருக்கும்வரை அவளிடம் ஒரு கோப்பைதான் இருக்கும்.